நொசாப்பு முனையிலிருந்து 3.7 கிலோமீட்டர்: தென் குரில் தீவுகளின் பழைய குடிகளும் மூடப்பட்ட வழியும்

1. நெய்தல்வாசி எழுதியது:

ஹொக்கைடோத் தீவின் கிழக்குக் கோடியில் உள்ள நொசாப்பு முனையில் நின்று பார்த்தால், கடலுக்கு அப்பால் கைகரா என்னும் பாறைத்திட்டும் அதில் 1937இல் ஜப்பானியர் கட்டிய கலங்கரை விளக்கமும் தெரியும். இடைத்தூரம் 3.7 கிலோமீட்டர்தான். அந்தத் திட்டு இன்று ரஷ்யாவின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஹபோமாய்த் தீவுக்கூட்டம், ஷிகோட்டான், குனாஷிரி, எட்டோரோஃபு என்று நீளும் நிலப்பகுதியை ஜப்பான் தன் ‘வடக்கு நிலப்பகுதி’ என்கிறது. ரஷ்யா அதையே ‘தென் குரில்’ என்கிறது. குனாஷிரி ரஷ்யரின் வாயில் குனாஷிர் ஆகும்; எட்டோரோஃபு இத்துரூப் ஆகும்.

1945 ஆகஸ்டில் இந்தத் தீவுகளில் 17,291 ஜப்பானியர் வாழ்ந்தனர். சால்மன் மீன், நண்டு, ‘கொன்பு’ எனப்படும் கடற்பாசி ஆகியவையே அவர்களுடைய பிழைப்பு. பேரரசர் சரணடைவை வானொலியில் அறிவித்துப் பதின்மூன்று நாள்கள் கழித்து, ஆகஸ்டு 28 அன்று, சோவியத் படையினர் எட்டோரோஃபில் இறங்கினர். செப்டம்பர் 5க்குள் எல்லாத் தீவுகளும் அவர்கள் கைக்குப் போயின. ஏறத்தாழப் பாதிப்பேர் இருட்டு வேளைகளில் சொந்தப் படகுகளிலேயே நெமுரோவுக்குத் தப்பினர். அந்த நெமுரோ நகரமும் அந்த ஜூலையில்தான் அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் எரிந்து கிடந்தது. எஞ்சியவர்கள் ஓரிரு ஆண்டுகள் சோவியத் குடும்பங்களோடு அருகருகே, சில இடங்களில் ஒரே வீட்டின் வெவ்வேறு அறைகளில், குடியிருந்தனர். 1947 முதல் 1949 வரை அவர்களும் சரக்கு வலைகளில் கப்பலேற்றப்பட்டு, சகாலின் தீவின் மவோக்கா முகாமில் காக்கவைக்கப்பட்டு, பிறகு ஹக்கோடதே துறைமுகத்தில் இறக்கப்பட்டனர். அந்தக் காத்திருப்பில் மாண்ட குழந்தைகளும் முதியவர்களும் உண்டு.

இந்த வரலாற்றைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் இழையைத் தொடங்குவதற்குக் காரணம் அதற்குப் பின்னால் நடந்தது. 1964 முதல், முன்னாள் தீவுவாசிகள் தங்கள் முன்னோரின் கல்லறைகளுக்குச் சென்றுவர ஒரு வழி இருந்தது. 1992இல் விசா இல்லாப் பரிமாற்றமும், 1999இல் ஊர்களைப் பார்த்துவரும் ‘தடையற்ற வருகை’யும் அதனோடு சேர்ந்தன. பெருந்தொற்றால் 2020இல் இவை நின்றன. உக்ரைன் போரை ஒட்டி ஜப்பான் தடைகள் விதித்ததும், 2022 மார்ச்சில் ரஷ்யா அமைதி உடன்படிக்கைப் பேச்சுவார்த்தையை நிறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் விசா இல்லாப் பரிமாற்றத்தையும் தடையற்ற வருகையையும் பற்றிய உடன்பாடுகளை ஒருதலையாக ரத்துசெய்தது. 1986ஆம் ஆண்டின் கல்லறை வருகை உடன்பாடு தாளளவில் உயிரோடு இருக்கிறது; ஆனால் கப்பல் போவதில்லை.

இதில் எனக்கு உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. கைகராவைச் சுற்றி ஜப்பானிய மீனவர்கள் பணம் கட்டிக் கொன்பு எடுப்பதற்கு 1963இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இடையில் சில ஆண்டுகள் அறுந்தாலும் 1981இல் அது புதுப்பிக்கப்பட்டது. இரு நாடுகளும் தூதரக அதிகாரிகளை வெளியேற்றிக்கொண்டிருந்த 2022ஆம் ஆண்டின் ஜூனிலும் அதற்கான பேச்சு முடிந்து கையெழுத்தாயிற்று. கடற்பாசிக்குத் திறந்த வழி கல்லறைக்குத் திறக்கவில்லை. பதினேழாயிரத்துச் சொச்சம் பேரில் இன்று உயிரோடிருப்பவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவர்களுடைய சராசரி வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. நிலம் யாருக்கு என்ற வழக்கு இன்னும் நூறு ஆண்டு நடக்கலாம், நடக்கட்டும். அந்த மண்ணில் பிறந்தவர்கள் அங்கே போய்வருவதை ஏன் அந்த வழக்கோடு முடிச்சுப்போட வேண்டும் என்பதே என் கேள்வி.

2. கொற்கை எழுதியது:

நெய்தல்வாசி அவர்களே, முதியவர்களின் ஏக்கத்தைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் முடிச்சைப் போட்டது மாஸ்கோ மட்டும்தான் என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். அதை ஏற்க முடியவில்லை.

1951இல், போருக்குப் பிந்தைய சான் பிரான்சிஸ்கோ அமைதி உடன்படிக்கையில், ஜப்பான் ‘குரில் தீவுகள்’ மீதான எல்லா உரிமையையும் கைவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், வெளியுறவு அமைச்சின் உடன்படிக்கைப் பிரிவுத் தலைவர் நிஷிமுரா குமாவோ, அந்தச் சொல் வட குரிலையும் தென் குரிலையும் சேர்த்தே குறிக்கும் என்று நாடாளுமன்றத்தில் விளக்கினார். ஹபோமாயும் ஷிகோட்டானும் மட்டுமே அதில் அடங்கா என்றார். பிறகு 1956இல்தான் குனாஷிரியும் எட்டோரோஃபும் ‘குரில்’ அல்ல என்ற விளக்கம் வந்தது. கையெழுத்திட்ட மை காய்வதற்குள் சொல்லின் பொருளை மாற்றிக்கொண்டு, அதன்மேல் எழுபது ஆண்டு அரசியல் நடத்தினால், எதிர்த்தரப்பு எதை நம்பி இறங்கிவரும்?

எட்டோரோஃபைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 1941 நவம்பர் 26 அன்று பேர்ல் துறைமுகத்தைத் தாக்கப் புறப்பட்ட கப்பற்படை கூடி நின்றது அந்தத் தீவின் ஹிட்டோக்கப்பு விரிகுடாவில்தான். மீனவர்களுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. ஆனால் அந்தத் தீவுகளை வெறும் மீன்பிடி ஊர்களாக மட்டும் நினைவுகூர்வது அரை வரலாறு.

பின்லாந்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் சோவியத் ஒன்றியத்திடம் கரேலியாப் பகுதியை இழந்தபோது நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு வந்தார்கள். குரிலைப் போல இருபது மடங்குக்கும் மேல். பின்லாந்து அவர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது. அதிகாரபூர்வமான உரிமைக்கோரல் எதையும் எழுப்பவில்லை. சோவியத் ஒன்றியம் சரிந்தபின், அந்தக் கரேலியர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் சாதாரணப் பயணிகளாக விசா எடுத்துப் பழைய ஊர்களைப் பார்த்துவந்தார்கள். கோரிக்கையை விட்டவர்களுக்கு வழி திறந்தது. அதைப் பிடித்துக்கொண்டவர்கள் ஒவ்வொரு கப்பலுக்கும் மன்றாட நேர்ந்தது.

3. எல்லைக்கோடு எழுதியது:

கொற்கை அவர்கள் நிஷிமுராவின் விளக்கத்தை நினைவூட்டியது சரியே. ஜப்பானிய ஆதரவாளர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆயினும் வழக்கு அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

1855 பிப்ரவரி 7 அன்று ஷிமோடாவில் கையெழுத்தான உடன்படிக்கை, எட்டோரோஃபுக்கும் அதற்கு வடக்கிலுள்ள உருப்புத் தீவுக்கும் இடையே எல்லையை வைத்தது. அதாவது இன்று சிக்கலில் உள்ள நான்கும், ரஷ்யப் பேரரசே ஒப்புக்கொண்ட முதல் எல்லையில், ஜப்பானின் பக்கம் இருந்தன. 1875இல் சகாலினை ரஷ்யாவுக்கு விட்டுக்கொடுத்து உருப்பு முதல் ஷும்ஷு வரையுள்ள பதினெட்டுத் தீவுகளை ஜப்பான் பெற்றது. ‘குரில்’ என்று 1875இன் உடன்படிக்கை எண்ணிக் காட்டியது இந்தப் பதினெட்டைத்தான் என்பதே டோக்கியோவின் வாதம். பிப்ரவரி 7ஐ 1981 முதல் ‘வடக்கு நிலப்பகுதி நாள்’ என்று ஜப்பான் கடைப்பிடிப்பதும் இதனால்தான்.

மறுபக்கம் யால்டா மாநாடு இருக்கிறது. 1945 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் குரில் தீவுகளை ஸ்டாலினுக்கு வாக்களித்தனர். அது ஜப்பானுக்குத் தெரியாமல் செய்த ஏற்பாடு. ஜப்பான் அதில் தரப்பே அல்ல. 1941 ஏப்ரலில் ஐந்தாண்டுக்கென்று செய்த நடுநிலை உடன்பாட்டின் காலம் முடிவதற்குள் சோவியத் ஒன்றியம் போரில் இறங்கியது. சான் பிரான்சிஸ்கோவில் அது கையெழுத்திடவும் இல்லை. ஜப்பான் கைவிட்டதை யாருக்குக் கொடுத்தது என்றும் அந்த உடன்படிக்கை சொல்லவில்லை. இரு பக்கத்துக்கும் தாள்கள் உண்டு. இரு பக்கத்துத் தாள்களிலும் ஓட்டைகள் உண்டு.

முடிந்திருக்கக்கூடிய தருணம் என்று ஒன்றைச் சொல்லலாமென்றால் அது 1956. அந்த ஆண்டு அக்டோபர் 19 அன்று வெளியான கூட்டறிக்கை போர்நிலையை முடித்தது. அமைதி உடன்படிக்கை ஏற்பட்டபின் ஹபோமாயையும் ஷிகோட்டானையும் ஒப்படைக்க சோவியத் ஒன்றியம் இசைந்தது. பரப்பளவில் இவை நான்கு தீவுகளில் 7 விழுக்காடுதான். ஆனால் ஷிகோட்டான்காரருக்கும் ஹபோமாய்க்காரருக்கும் அது நூறு விழுக்காடு. அந்த ஆகஸ்டில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் டல்லஸ், எஞ்சிய இரண்டு தீவுகளை ஜப்பான் விட்டுக்கொடுத்தால் அமெரிக்காவும் ஜப்பானின் தெற்குத் தீவான ஒக்கினாவாவைத் தன்னிடமே வைத்துக்கொள்ள நேரும் என்று எச்சரித்தார். 1960இல் ஜப்பான்–அமெரிக்கப் பாதுகாப்பு உடன்படிக்கை திருத்தப்பட்டதும், அந்நியப் படைகள் ஜப்பானை விட்டுப் போனால்தான் இரண்டு தீவும் என்று சோவியத் ஒன்றியம் புதிய நிபந்தனை போட்டது. தீவுவாசிகளின் பெயரால் பேசிய ஜப்பானும், சோவியத் ஒன்றியமும், மூன்றாவதாக அமெரிக்காவும் சேர்ந்து அவர்களைக் கரையில் நிறுத்தின.

நெய்தல்வாசி கேட்டதற்கு வருகிறேன். வருகையையும் நில வழக்கையும் முடிச்சுப்போடக்கூடாது என்கிறார். அவற்றைப் பிரிக்க உண்மையிலேயே ஒரு கருவி இருந்தது. அதன் நுணுக்கத்தைச் சொன்னால்தான் இழப்பு புரியும். 1992 முதல் நடந்த பரிமாற்றத்தில் கடவுச்சீட்டும் இல்லை, விசாவும் இல்லை. ஜப்பானியர் ஓர் அடையாளச் சான்றையும் அதில் செருகப்பட்ட ஒரு தாளையும் கொண்டு போனார்கள். தீவுகளில் வாழும் ரஷ்யர்களும் அவ்வாறே ஹொக்கைடோவுக்கு வந்தார்கள். கடவுச்சீட்டில் முத்திரை விழுந்தால் ‘இது உன் நாடு’ என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். முத்திரையே இல்லாவிட்டால் யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஒரு செருகுதாளின் பலத்தில் 2019 வரை இரு திசையிலுமாக 24,000க்கும் மேற்பட்டவர்கள் போய்வந்தனர். அரசதந்திரத்தில் இதைப் போன்ற அழகான பாசாங்குகள் அரிது என்பது என் கருத்து.

4. நிலப்பட மாணவி எழுதியது:

எல்லைக்கோடு ஐயா, புரியாமல் கேட்கிறேன். செருகுதாள் போய்விட்டது சரி. ஒரு முன்னாள் தீவுவாசி ரஷ்ய விசா எடுத்து, சகாலினுக்குப் போய், அங்கிருந்து குனாஷிருக்கு விமானம் ஏறினால் என்ன? தம் தாயின் கல்லறையைப் பார்க்கவேண்டும் என்று எண்பத்தெட்டு வயதானவர் நினைத்தால், அவருக்கு முத்திரை முக்கியமா?

5. எல்லைக்கோடு எழுதியது:

நல்ல கேள்வி, கொற்கை அவர்கள் எழுப்பியிருக்கவேண்டியது. 1989 செப்டம்பரில் ஜப்பானிய அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. தீவுகளுக்கு சோவியத் விசாவில் செல்வது அந்நாட்டின் ஆட்சியுரிமையை ஒப்புக்கொள்வதாகும், ஆகவே குடிமக்கள் அவ்வாறு செல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. சட்டப்படி தண்டனை எதுவும் இல்லாத வேண்டுகோள்தான் அது. ஆனால் முன்னாள் தீவுவாசிகளின் சங்கமே நிலத்தை மீட்கும் இயக்கத்தின் முதுகெலும்பு. அந்த வேண்டுகோளை மீறுவது அவர்களுக்குத் தங்கள் போராட்டத்தையே மீறுவதாகும்.

இந்த வழி மூடுவதும் முதன்முறை அல்ல. 1976இல் சோவியத் ஒன்றியம் கல்லறைக்கு வருவோர் கடவுச்சீட்டும் விசாவும் கொண்டுவரவேண்டும் என்றது. ஜப்பான் மறுத்தது. பத்து ஆண்டு கல்லறைகளுக்கு யாரும் போகவில்லை. 1986இல் பழைய முறை மீண்டது. எட்டோரோஃபுக்கு முதல் கல்லறை வருகை 1990இல்தான் நடந்தது, அதாவது கடைசிக் குடும்பம் வெளியேற்றப்பட்டு நாற்பது ஆண்டுக்குப் பிறகு. ஆகவே முடிச்சில் இரண்டு கைகள் உண்டு என்று கொற்கை சொல்வதில் உண்மை இருக்கிறது.

6. தாழைமடல் எழுதியது:

இதுவரை வந்த பதிவுகளில் ‘பழைய குடிகள்’ என்றால் ஜப்பானியர், ‘எதிர்த்தரப்பு’ என்றால் ரஷ்யர் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1855இல் இரண்டு பேரரசுகள் எல்லை வரைந்தபோது அந்தத் தீவுகளில் முதலில் வாழ்ந்தவர்கள் ஐனு மக்கள். குனாஷிரி, எட்டோரோஃபு, ஷிகோட்டான் ஆகிய பெயர்களே அவர்கள் மொழியில் வேர்கொண்டவை. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

1875இல் தீவுகள் கைமாறியபோது, வடக்கே ஷும்ஷுவைச் சுற்றி வாழ்ந்த குரில் ஐனுக்கள் ஜப்பானியக் குடிகளாயினர். அவர்களிற் பலர் ரஷ்யப் பெயர் தாங்கியவர்கள், மரபுவழித் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். கடல்நாயையும் நீர்நாயையும் வேட்டையாடித் தீவுக்குத் தீவு நகர்ந்து வாழ்ந்தவர்கள். எல்லையில் இப்படிப்பட்டவர்கள் இருப்பது பாதுகாப்பல்ல என்று கருதிய டோக்கியோ, 1884இல் அவர்களில் 97 பேரைக் கப்பலேற்றித் தெற்கே ஷிகோட்டானில் இறக்கியது. வேட்டைக்குப் பழகியவர்களுக்குப் பயிர்நிலம் கொடுத்தார்கள். ஊணும் காற்றும் ஒவ்வாமல், சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். மானிடவியலாளர் தொரீ ரியூசோ 1899இல் அங்கே போனபோது எஞ்சியவர்களிடம்தான் அவர்களுடைய மொழியையும் பழக்கவழக்கத்தையும் குறித்துக்கொண்டார். 1945க்குப் பின் அந்தக் கொஞ்சநஞ்சம் பேரும் ஜப்பானியரோடு சேர்ந்து மறுபடி பெயர்க்கப்பட்டனர். ஒரு மக்களை அறுபது ஆண்டுகளில் ஒரு நாடு வடக்கிலிருந்து தெற்கே தள்ளியது, இன்னொரு நாடு தெற்கிலிருந்து வெளியே தள்ளியது. ஷிகோட்டான் ஜப்பானியரின் பிறந்த மண் என்று சொல்லும்போது, அது 97 பேரின் சிறைமண்ணாகவும் இருந்தது என்பதையும் ஒரு மூச்சில் சொல்லவேண்டும். 2008இல் ஜப்பானிய நாடாளுமன்றம் ஐனுக்களைத் தொல்குடிகள் என்று ஒப்புக்கொண்டு தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் குரில் பேச்சுவார்த்தையின் எந்த மேசையிலும் அவர்களுக்கு இருக்கை போடப்படவில்லை.

மற்றொன்று, இன்று அங்கே வாழ்பவர்களைப் பற்றியது. குனாஷிரிலும் இத்துரூப்பிலும் ஷிகோட்டானிலுமாகச் சுமார் 20,000 ரஷ்யக் குடிமக்கள் இருக்கிறார்கள். ஹபோமாயில் எல்லைக்காவலரைத் தவிர யாரும் இல்லை. அந்த 20,000 பேரிற் பலர் அங்கேயே பிறந்த மூன்றாம் தலைமுறை. 1994 அக்டோபரில் ஷிகோட்டானுக்கு அருகே எழுந்த பெரும் நிலநடுக்கத்தில் வீடிழந்து பலர் பெருநிலத்துக்குப் போனார்கள். போகாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் மின்சாரமும் மருந்தும் தட்டுப்பட்ட காலத்தில் ஜப்பானிய உதவி அவர்களைத் தாங்கியது. நோயாளிகள் ஹொக்கைடோவில் சிகிச்சை பெற்றனர். 2007க்குப் பிறகு மாஸ்கோ பணம் கொட்டிச் சாலையும் பள்ளியும் கட்டியது. 2014இல் இத்துரூப்பில் புதிய விமான நிலையம் திறந்தது. 2019இல் நடந்த ஒரு கருத்துக்கணிப்பில் அங்குள்ளவர்களில் 96 விழுக்காட்டினர் தீவுகளை ஒப்படைப்பதை எதிர்த்தனர். அந்த எண்ணை அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆனால் அரைவாசியாகக் குறைத்தாலும் அது பெரும்பான்மைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அவர்களை இன்னொரு முறை கப்பலேற்றுவது எந்த நீதிக்கும் பொருந்தாது. அவர்களுடைய உரிமைகளையும் விருப்பத்தையும் மதிப்போம் என்று ஜப்பானிய அரசே 1990களிலிருந்து சொல்லிவருகிறது.

7. கொற்கை எழுதியது:

தாழைமடல் அவர்களின் பதிவுக்கு நன்றி. 97 பேரின் கதையை நான் அறிந்திருக்கவில்லை. என் வாதத்துக்கு அது துணை செய்கிறது என்று கொண்டாடவும் மனம் வரவில்லை.

என் நிலைப்பாட்டைத் திருத்திக்கொள்கிறேன். தீவுகள் யாருடையவை என்பதில் நான் மாறவில்லை: 2016இல் இத்துரூப்பிலும் குனாஷிரிலும் கப்பலெதிர்ப்பு ஏவுகணைகளை நிலைநிறுத்தி, 2020இல் அரசியலமைப்பையே திருத்தி நிலத்தை விட்டுக்கொடுக்க முடியாதபடி செய்துகொண்ட நாடு எதையும் திருப்பித் தரப்போவதில்லை. உருப்புக்கும் இத்துரூப்புக்கும் இடைப்பட்ட ஆழமான நீரிணையும், இத்துரூப்புக்கும் குனாஷிருக்கும் இடைப்பட்ட நீரிணையும் ஒக்கோட்ஸ்க் கடலிலிருந்து பசிபிக்குக்குப் போகும் வாயில்கள். அங்கே கல்லறைகளின் எடை குறைவு. 2016இல் ஜப்பானியப் பிரதமர் அபேயும் புட்டினும் கூட்டுப் பொருளாதார முயற்சி என்றார்கள். 2018இல் சிங்கப்பூரில் 1956 அறிக்கையை அடிப்படையாக வைத்துப் பேச்சை விரைவுபடுத்துவோம் என்றார்கள். நடந்தது ஒன்றும் இல்லை. ஆனால் பின்லாந்தின் எடுத்துக்காட்டு சொல்வது என்னவென்றால், நிலத்தைக் கேட்காதவர்களுக்குக் கல்லறை கிடைத்தது என்பதே. அதற்கு யாராவது மறுமொழி சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

8. நெய்தல்வாசி எழுதியது:

சொல்கிறேன். 2023 நவம்பர் இறுதியில் பின்லாந்து ரஷ்யாவுடனான தரைவழிக் கடவைகளை எல்லாம் மூடியது. இடையில் ஓரிரு நாள் இரண்டைத் திறந்து, டிசம்பர் நடுவில் மறுபடி அடைத்தது. கோரிக்கையே எழுப்பாத நாட்டின் கரேலியக் கிழவருக்கும், கோரிக்கையை விடாத நாட்டின் குனாஷிரிக் கிழவருக்கும் இன்று ஒரே நிலைதான். அங்கே மூடியது ரஷ்யாவே அல்ல, பின்லாந்து, காரணமும் வேறு. ஆகவே கோரிக்கையைக் கைவிட்டால் வழி திறக்கும் என்பது முப்பது ஆண்டு இதமான காலத்தின் விதி. எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது.

அதனால்தான் நான் கடற்பாசியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 1998இல் நான்கு தீவுகளைச் சுற்றிய பன்னிரண்டு கடல்மைல் பரப்பில் ஜப்பானியப் படகுகள் மீன்பிடிக்க ஓர் உடன்பாடு உண்டானது. இதில் எதுவும் எந்தத் தரப்பின் சட்டநிலையையும் பாதிக்காது என்று அதிலேயே எழுதிக்கொண்டார்கள். எல்லைக்கோடு சொன்ன செருகுதாளின் உறவுக்காரன் அது. 2023 ஜனவரியில் ரஷ்யா அதற்கான பேச்சையும் நடத்த மறுத்துவிட்டது. கொன்பு மட்டும் ஏன் தப்பியது? அது இரு அரசுகளுக்கிடையே ஏற்பட்ட உடன்பாடு அல்ல. ஜப்பானின் பக்கத்தில் மீன்வளத் துறையினரின் சங்கமே தனியார் தரப்பாக நின்று செய்துகொண்டது. ஆண்டுதோறும் எவ்வளவு கட்டணம், எத்தனை படகு, எத்தனை டன் என்று பேசி முடித்துவிட்டு எழுந்துபோகும் ஏற்பாடு அது. அங்கே கொடி இல்லை. ஆகவே கொடியைக் கிழிக்கவும் யாருக்கும் தேவையில்லை.

கல்லறை வருகையில் அந்தப் பிரிவினை கடைசிவரை கூடிவரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். வருகைகளில் முன்னின்ற அதே முன்னாள் தீவுவாசிகள் சங்கம்தான் நிலமீட்பு இயக்கத்தையும் நடத்தியது. 1945 டிசம்பர் 1 அன்று நெமுரோவின் மேயர் அந்தோ இஷிசுகே, தீவுகளை அமெரிக்கப் படையின் பாதுகாப்பில் கொண்டுவரக் கேட்டு, ஜப்பானில் நிலைகொண்ட நேசப்படைகளின் தலைவர் மெக்கார்தருக்கு விண்ணப்பம் எழுதினாரே, அன்றிலிருந்தே இரண்டும் ஒரே நெசவு. வீட்டை இழந்தவர்கள் வேறெப்படி இருப்பார்கள்? ஆனால் அதன் விலையை அவர்களே கொடுக்கிறார்கள்: 2023 ஏப்ரலில் ரஷ்யா அந்தச் சங்கத்தையே ‘விரும்பத்தகாத அமைப்பு’ என்று அறிவித்துவிட்டது. இனி அதன் உறுப்பினர் எவரும் தீவில் கால்வைத்தாலே குற்றமாகலாம். எண்பது வயதைத் தாண்டிய மீனவர்களின் சங்கம் ஒரு வல்லரசின் பாதுகாப்புக்கு ஊறு என்கிறார்கள்!

9. எல்லைக்கோடு எழுதியது:

நெய்தல்வாசி அவர்களின் கடைசிப் பத்தியில் உள்ள கோபம் புரிகிறது. ஆனால் சங்கத்தை மேலும் பழமையான ஓர் ஏற்பாட்டோடு சேர்த்துப் பார்க்கவேண்டும், ஏனென்றால் ஜப்பான் தன் பக்கத்தில் இவர்களை எப்படி வைத்திருக்கிறது என்பதும் இழையின் பொருள்தான்.

1961இல் ஒரு சட்டத்தின் வழியே அரசு நூறு கோடி யென் நிதி ஒதுக்கி, முன்னாள் தீவுவாசிகளுக்கும் மீன்பிடி உரிமை வைத்திருந்தவர்களுக்கும் குறைந்த வட்டியில் கடன் கொடுக்க ஏற்பாடு செய்தது. அது இழந்த நிலத்துக்கான இழப்பீடு அல்ல. இழப்பீடு கொடுத்தால் நிலம் போய்விட்டது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? தீவுகளின் நிலப்பதிவேடுகள் நெமுரோவில் உள்ள சட்ட அலுவலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1983 முதல், விரும்பும் ஜப்பானியர் தம் குடும்பப் பதிவை எட்டோரோஃபு, குனாஷிரி, ஷிகோட்டான் ஆகியவற்றின் ஆறு கிராமங்களுக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த வேலையை நெமுரோ நகராட்சி செய்கிறது. ஒரு மனிதர் தாம் கால்வைக்கமுடியாத ஊரின் பதிவுபெற்ற குடியாக இருக்கலாம், தாம் பார்க்கமுடியாத நிலத்தின் உரிமையாளராகவும் இருக்கலாம். ஆனால் அந்த நிலத்துக்கு விலையாக ஒரு யென்னும் வாங்கமுடியாது. ரஷ்யா வழியை மூடியது. ஜப்பான் கணக்கை மூடவிடவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றே ஒரு தலைமுறை முதிர்ந்துவிட்டது.

10. நிலப்பட மாணவி எழுதியது:

அப்படியானால் இப்போது அவர்கள் எதைத்தான் செய்கிறார்கள்? முழுவதும் நின்றுவிட்டதா?

11. நெய்தல்வாசி எழுதியது:

முழுவதும் நிற்கவில்லை, மாணவி அவர்களே. ‘எத்தோப்பிரிகா’ என்று ஒரு கப்பல் இருக்கிறது. வடகடலின் ஒரு பறவையின் பெயர் அது. 2012 முதல் தீவு வருகைகளுக்கென்றே ஓடியது. முன்பெல்லாம் அது தீவுக்கு வெளியே நங்கூரமிடும். ஆழமற்ற துறைகளில் முதியவர்களைத் தூக்கி இழுவைப் படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். அந்தத் துன்பத்தைக் குறைக்க 2017இல் விமானத்தில் அழைத்துப்போகத் திட்டமிட்டபோது, ஜூனில் மூடுபனி அதைக் கெடுத்தது, செப்டம்பரில்தான் பறந்தார்கள்.

2022 கோடை முதல் அதே கப்பல் நெமுரோவிலிருந்து புறப்பட்டு, இரு நாடுகளுக்கும் இடைப்பட்ட கோட்டுக்கு இப்பாலேயே போய்த் திரும்புகிறது. அதற்குக் ‘கடல்மேல் நினைவேந்தல்’ என்று பெயர். மேல்தளத்தில் ஒரு சிறு பீடம் வைத்து, தீவு இருக்கும் திசையை நோக்கி நின்று கைகூப்புகிறார்கள். பனி இல்லாத நாளில் குனாஷிரியின் மலை தெரியும். பனி இருந்தால் கப்பல் அதிகாரி கையை நீட்டித் திசை காட்டவேண்டும். இப்போது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உடன் போகிறார்கள். அவர்களிற் பலர் அந்தத் திசையைத் தவிர ஊரில் வேறெதையும் பார்த்ததில்லை.